வளர்ப்பு எலிக்கு வீடு: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கூண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் "எலி வளர்க்கிறேன்" என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் கொஞ்சம் ஒதுங்கி வந்து, "பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கான், எப்படித்தான் வைக்கிறது?" என்று மெதுவாக விசாரிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே வரிசையில்லாமல் சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலிக் கூண்டைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, கதகதப்பாக வை, கம்பளித் துணி போடு என்றுதான் இருக்கும். நமக்கு அது ஆகாது. இங்கே கூண்டு என்றால் முதலில் காற்று, அடுத்து தரை, அதற்கடுத்து ஒளிந்துகொள்ள ஓர் இடம். ஏணி, பொம்மை எல்லாம் பணம் மிச்சமிருந்தால் பார்க்கலாம்.

எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள், நீங்கள் எலிக்கே பெட்டி கட்டுகிறீர்களா?

சுற்றிலும் செம்பனை நிற்கும் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! எலி பழக்குலையைக் கடித்துத் தின்கிறது, தோட்டத்துக்கு நட்டம், அதனால் கூகை குடியிருக்கப் பெட்டி நட்டு வைக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்த எலி வேறு, இது வேறு. செம்பனைக் காட்டில் ஓடுவது பெரும்பாலும் ராட்டஸ் தியோமானிகஸ், நம் தியோமான் தீவின் பெயரைத் தாங்கிய இனம். கடையில் விற்கும் வெள்ளை எலியும் கறுப்புத் தலை எலியும் ராட்டஸ் நார்வெஜிகஸ். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் எலிபிடிப்பாளராக இருந்த ஜாக் பிளாக் போன்றவர்கள், பிடித்தவற்றில் வித்தியாசமான நிறமுள்ளவற்றை ஒதுக்கி வளர்த்து விற்றார்கள். அந்தக் காலத்திலிருந்தே மனிதர் கையில் பிறந்து வளர்ந்து வரும் வம்சம் இது. கையில் ஏறும், கூப்பிட்டால் வரும், தோளில் உட்கார்ந்து டிவி பார்க்கும். பாட்டி ஆட்சேபித்தால் சாமி ரூமில் இருக்கும் பிள்ளையார் படத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டுங்கள்.

அப்படியானால் தோட்டத்தில் கிடைத்த எலிக்குஞ்சை எடுத்து வளர்க்கலாமா?

வேண்டாம். பழகாது, கடிக்கும், நோய் கொண்டுவரும். அதோடு தோட்டத்தில் வைக்கும் எலி மருந்தை அது ஏற்கெனவே தின்றிருக்கலாம். அந்த மருந்துகளில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துத்தான் கொல்லும், அதுவரை குஞ்சு நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரே ஒரு எலி போதாதா?

போதாது. எலி கூட்டமாக வாழும் பிராணி, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும், ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதுபோல் முடியைக் கோதிவிடும். பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடும் வீட்டில் தனி எலி நாள் முழுக்க ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும், எவ்வளவு பெரிய கூண்டு கட்டினாலும் அந்தக் குறை தீராது. இரண்டாக வாங்குங்கள், ஆனால் இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண். இதில் மட்டும் கடைக்காரர் வார்த்தையை நம்பாதீர்கள், நீங்களே வாலைத் தூக்கிப் பாருங்கள், வளர்ந்த ஆணுக்கு விதைப்பை பளிச்சென்று தெரியும். நம் பக்கத்துக் கடைகளில் வெள்ளை எலி பல நேரம் பாம்புத் தீனியாக ஒரே தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்துதான் கிடக்கும், வாங்கும்போதே வயிற்றில் குட்டி இருக்கலாம். ஐந்து வாரத்திலேயே பெண் எலி கருத்தரிக்கத் தயாராகிவிடும், 21 முதல் 23 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றில் பத்துப் பன்னிரண்டு சாதாரணம். போட்ட ஒரு நாளுக்குள் மறுபடி கருத்தரிக்கவும் செய்யும். கூண்டின் அளவைப் பற்றிய கணக்கெல்லாம் அதோடு போச்சு.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இரண்டு எலிக்கு 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குறையாமல் பாருங்கள், உயரம் 3 அடி இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த ஆண் எலி அரைக் கிலோ வரை வரும், வாலை விட்டுவிட்டே ஒரு சாண் நீளம். நிமிர்ந்து நிற்க, ஓட, ஏற, கூட்டாளியோடு சண்டை வந்தால் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு மாடியில் போய் உட்கார, இவ்வளவுக்கும் இடம் வேண்டும். உயரமான கூண்டு என்றால் நடுவில் தட்டு வைத்துப் பிரித்துவிடுங்கள், மேலேயிருந்து நேராகக் கீழே விழுந்தால் கால் உடையும். கம்பி இடைவெளி அரை இன்ச். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், ஒரு இன்ச் இடைவெளி உள்ள முயல் கூண்டில் குட்டி எலியை விட்டால் ராத்திரியே அலமாரிக்கு அடியில் தேட வேண்டியதுதான்.

கடையில் விற்கும் ஹேம்ஸ்டர் கூண்டு, பறவைக் கூண்டு, பழைய மீன் தொட்டி, எது சரி?

ஹேம்ஸ்டர் கூண்டு கைக்கடக்கமாக அழகாக இருக்கும், எலிக்குக் குளியலறை அளவுகூட வராது. பறவைக் கூண்டில் கம்பி நெட்டுக்குத்தாக மட்டும் ஓடும், எலிக்குப் பிடித்து ஏறக் குறுக்குக் கம்பி வேண்டும், அதோடு தூக்கித் திறக்கும் அந்தச் சின்னக் கதவை எலி மூக்காலேயே தூக்கிவிடும். மீன் தொட்டியைச் சில பேர் இலவசமாகக் கிடைத்தது என்று கொண்டுவருகிறார்கள். நம் ஊரில் அது வேண்டவே வேண்டாம். நான்கு பக்கமும் கண்ணாடி, காற்று போக மேலே மட்டும்தான் வழி, மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அடியிலேயே தங்கும், எலி மூச்சு விடுவதும் அங்கேதான், சூடும் அதற்குள்ளேயே நிற்கும்.

ஷாப்பி, லசாடா மாதிரி இணையக் கடைகளில் பூனைக்கும் சுகர் கிளைடருக்கும் என்று விற்கும் மாடிக் கூண்டுகளில் கம்பி இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பெரும்பாலான பூனைக் கூண்டில் இடைவெளி அதிகம், அதைச் சுற்றி அரை இன்ச் வலை கட்டினால் சரியாகிவிடும். பெயின்ட் பூசிச் சுட்ட கம்பியா, வெறும் ஜிங்க் முலாமா என்று கேளுங்கள். முலாம் பூசிய வெறும் கம்பியில் மூத்திரம் ஊறி ஊறி, எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது, நம் ஈரக் காற்றில் சீக்கிரம் துருவும் பிடிக்கும்.

நானே செய்யலாமா? வீட்டில் பழைய அலமாரி இருக்கிறது.

தாராளமாகச் செய்யலாம், என்னைக் கேட்டால் அதுதான் இந்த ஊருக்குத் தோதான வழி. பழைய துணி அலமாரியின் கதவுப் பலகையை எடுத்துவிட்டு, சட்டத்தில் அரை இன்ச் வெல்டெட் வலையை அடித்தால் முன்பக்கம் முடிந்தது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு பக்கவாட்டுப் பலகையையும் பெரிய சன்னலாக வெட்டி வலை போடுங்கள், முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வராது, வந்தாலும் வெளியே போக வழியிருக்காது. பச்சை பிளாஸ்டிக் பூசிய வலை கழுவ எளிது. கோழிக்குப் போடும் அறுகோண வலை மெலிசு, எலி ஒரு வாரம் உட்கார்ந்து கடித்தால் வழி செய்துவிடும். வலையின் வெட்டிய நுனி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் பலகை மூத்திரத்தைக் குடிக்கும் என்பதால் அடிப்பலகைக்குமேல் ஏதாவது போட்டே ஆக வேண்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கதவை மட்டும் பெரிதாக வையுங்கள், கையும் தலையும் உள்ளே போகிற அளவுக்கு. சின்னக் கதவு வைத்த கூண்டை யாருக்கும் கழுவ மனசு வராது. தாழ்ப்பாள் இழுத்துப் போடும் வகையாக இருந்தால் எலி ஒருநாள் கற்றுக்கொள்ளும், அதற்குமேல் ஒரு கொக்கியோ சின்னப் பூட்டோ போட்டுவிடுங்கள்.

கூண்டின் தரை கம்பியாகவே இருக்கலாமா? அழுக்கு தானாகக் கீழே விழுந்துவிடுமே.

நமக்கு வசதி, எலிக்கு இல்லை. அதன் உள்ளங்காலில் முடி கிடையாது. கம்பிமேலேயே நாள் முழுக்க நின்றால் குதிகாலில் தோல் தடித்து, புண்ணாகி, சீழ் வைக்கும். கனமான ஆண் எலிக்கு இது சீக்கிரம் வரும், ஆறவும் மாதக்கணக்காகும். எல்லா மாடியிலும் தரையை மூடுங்கள். பழைய தீக்கார் கெத்தாவை, அதாவது பிளாஸ்டிக் தரைவிரிப்பை, அளவுக்கு வெட்டிப் போடலாம், துடைக்க எளிது, ஆனால் ஓரத்தைக் கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள், ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் கடித்துத் துணுக்காக்கிவிடும். வீடு கட்டி மிஞ்சிய டைல்ஸ் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. மத்தியான வெயிலில் எலி அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கீழே என்ன பரப்புவது? பலகைக் கம்பெனியில் மரத்தூள் சும்மா தருகிறார்களே?

சும்மா கிடைக்கிறது என்பதுதான் அதன் ஒரே நல்ல குணம். எலியின் பெரிய பலவீனம் நுரையீரல். மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற கிருமி பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும், சும்மா இருக்கும் அதை எழுப்பிவிடுவது தூசியும் அம்மோனியாவும்தான். அறுவை ஆலைத் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும், நேராக மூக்குக்குப் போகும். இங்கே நாற்காலி மேசைக் கம்பெனிகளில் அறுப்பது அதிகமும் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். அந்தப் பலகையைப் பூச்சியும் பூஞ்சணமும் அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊறவைக்கிறார்கள், அந்தத் தூளில் எலியைப் புரளவிட எனக்கு மனசில்லை. என்ன மரம் என்றே தெரியாத தூளில் தேவதாரு, பைன் கலந்திருந்தால் அதன் வாசனை எண்ணெயும் மூச்சுக்கு ஆகாது.

மலிவாக முடிக்க வேண்டுமென்றால், பூனைக்கு விற்கும் பைன் மரக் குச்சி உருண்டையை ஒரு தட்டில் மட்டும் போட்டுக் கழிப்பிடமாக வையுங்கள், அது சூட்டில் அழுத்திச் செய்தது, வாசனை எண்ணெய் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மண் வேண்டாம், தூசியும் அதிகம், தின்றால் வயிற்றிலும் கட்டியாகும். மற்ற இடத்தில் காகிதம். வீட்டுக்கு வரும் பத்திரிகை மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ, படித்து முடித்ததும் நீளநீளமாகக் கிழித்துப் போடுங்கள். மை ஒட்டி வெள்ளை எலி கொஞ்சம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். காகிதம் வாடையை அதிகம் இழுக்காது, அடிக்கடி மாற்ற வேண்டிவரும்.

நெல் உமி குத்தும், தூசியும் பறக்கும். தேங்காய் நாரை நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஈரப்பதத்தில் மூத்திரம் பட்ட நார் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், நீள இழை காலில் சுற்றி இறுக்கும், ஆகவே எனக்கு அது பிடிக்கவில்லை. துணி போடுவதானால் பழைய கைலி, பாத்தேக் துணி, பருத்தியாக இருக்கட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் அந்தப் பஞ்சுபோன்ற கம்பளித் துணி இங்கே அடுப்புதான்.

கூண்டை வீட்டில் எங்கே வைப்பது?

கூண்டு வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில், கூண்டு நிற்கப்போகும் உயரத்தில், இரண்டு மூன்று நாள் தொங்கவிட்டு மத்தியானம் பாருங்கள். எலிக்கு 20 முதல் 26 டிகிரி சுகம், 30ஐத் தாண்டினால் கஷ்டப்படும், அதற்குமேல் ஏற ஏற உயிருக்கே ஆபத்து. நமக்கோ வெளியே தினமும் 32, 33 டிகிரி. பின்பக்கம் ஜிங்க் தகரம் போட்டு இறக்கிய சமையல்கட்டு, மேல்மாடி அறை, மேற்குச் சுவரை ஒட்டிய இடம், இந்த மூன்றும் சாயங்காலம் நான்கு மணிக்கு எப்படிச் சுடும் என்று உங்களுக்கே தெரியும். முன் ஹால்தான் பெரும்பாலான தாமான் வீடுகளில் தாங்கக்கூடிய இடம், பழைய லயத்து வீடாக இருந்தால் நடு அறை. வாசல் போர்ச்சில் வைக்காதீர்கள், மோட்டார் ஸ்டார்ட் செய்யும் புகை நேராக அதன்மேல்தான் அடிக்கும், பாம்பு விஷயமும் இருக்கிறது.

தரையிலும் வைக்காமல், கண் உயரத்துக்கும் தூக்காமல், இடுப்பு உயரத்தில் ஒரு மேசைமேல் வையுங்கள், ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் எலிக்குத் தைரியம். சிவப்புக் கண் எலிக்கு வெளிச்சம் ஆகாது, கடும் வெளிச்சத்தில் விழித்திரையே கெட்டுப்போகும், சன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் மின்சார வயரும் திரைச்சீலையும் இருக்கக் கூடாது, இரண்டையும் கம்பிக்குள்ளே இழுத்துக் கடிக்கும்.

ஃபேன் போட்டுவிட்டால் போதும்தானே?

ஃபேன் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நமக்கு வியர்க்கிறது, காற்று பட்டதும் வியர்வை உலர்ந்து குளிர்கிறோம். எலிக்கு அப்படி வியர்க்காது. சூட்டை அது வால் வழியாகத்தான் அதிகம் வெளியேற்றும், முடியில்லாத அந்த வாலில் ரத்தக் குழாய் விரிந்து சூடு போகும், சில நேரம் எச்சிலை உடம்பில் தடவிக்கொள்ளும். ஆகவே 33 டிகிரிக் காற்றை ஃபேன் வைத்து அதன்மேல் அடித்தால் பெரிய பலன் இல்லை. ஃபேனின் வேலை அறையின் புழுக்கத்தையும் அம்மோனியாவையும் தள்ளுவது, அதை நேராகக் கூண்டைப் பார்க்க வைக்காமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

உண்மையில் குளிர்விப்பது குளிர்ந்த பொருளின்மேல் உடம்பு படுவதுதான். ஒன்றரை லிட்டர் போத்தலில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து, பழைய துண்டில் சுற்றி, காலை பதினொரு மணிபோல உள்ளே படுக்க வையுங்கள். இரண்டு போத்தல் இருந்தால் ஒன்று மாற்றி ஒன்று. டைல்ஸ் துண்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கலாம். ஒரு தட்டில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதில் உறைந்த பட்டாணி நாலைப் போட்டால் மீன் பிடிப்பதுபோல் மூழ்கி எடுத்துத் தின்னும், காலும் வாலும் நனையும், பிள்ளைகளுக்கும் நல்ல பொழுதுபோக்கு. ஏர்கோன் உள்ள அறை என்றால் நல்லதுதான், ஆனால் காற்று நேராகப் படாமல், இருபத்தைந்து இருபத்தாறில் வையுங்கள். இரவில் ஏர்கோன், பகலில் அடுப்பு என்று அறை மாறிக்கொண்டே இருந்தால்தான் சங்கடம்.

எலி நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சுவிட்டு, எச்சில் வடித்து, தொட்டாலும் எழாமல் கிடந்தால் அது வெயில் அடித்தது. உடனே குளிர்ந்த இடத்துக்குத் தூக்கிப்போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் வால், பாதம், காது மூன்றையும் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் பக்கத்துக் கால்நடை அலுவலகங்கள் மாடு, ஆடு பார்த்துப் பழகியவை, எலி பார்ப்பவர் பெரும்பாலும் ஈப்போவில்தான் கிடைப்பார். அவசரம் வருவதற்கு முன்னாலேயே ஃபோன் போட்டு "எலி பார்ப்பீங்களா?" என்று கேட்டு நம்பரை எழுதி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், அது பரவாயில்லையா?

சாமிக்குப் போடுங்கள், எலிக்கு வேண்டாம். கூண்டு சாமி ரூமுக்கு எதிரே இருந்தால் அந்த நேரம் வேறு அறைக்கு நகர்த்திக் கதவைச் சாத்துங்கள், அதற்காகவே மேசைக்குச் சக்கரம் போட்டால் நல்லது. கொசுவத்தி இதைவிட மோசம், அது ராத்திரி முழுக்கப் புகையும், எலி விழித்து ஓடியாடுவதும் ராத்திரிதான். கொசுவலை போட்ட சன்னல் உள்ள அறையாகப் பார்த்துக் கூண்டை வைத்தால் அந்தத் தொல்லையே இல்லை. சிகரெட், மிளகாய் தாளிக்கும் நெடி, அறைக்கு வாசனை அடிக்கும் ஸ்ப்ரே, எல்லாம் இதே கணக்கு.

டிங்கிக்காக சுகாதாரத் துறை புகை அடிக்க வரும்போது கூண்டை அப்படியே துணி போட்டு மூடினால் போதாது. எலியைச் சின்னக் கூடையில் போட்டு அந்த வட்டாரத்துக்கு வெளியே உள்ள சொந்தக்காரர் வீட்டில் சில மணி நேரம் விட்டுவிடுங்கள், கூண்டில் இருக்கும் சோறு தண்ணீரைக் கொட்டி, தட்டைக் கழுவி, வீட்டில் வாடை அடங்கிய பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள். புகைமூட்டக் காலத்தில் நமக்கே இருமல் வருகிறது, அந்த நாட்களில் சன்னலைச் சாத்தி வைத்துக் கூண்டைக் கூடுதலாகச் சுத்தம் செய்யுங்கள், வெளிப் புகையோடு உள் அம்மோனியாவும் சேரக் கூடாது.

எறும்பு மொய்க்கிறது, என்ன செய்வது?

மருந்து அடிக்காதீர்கள், எறும்புச் சாக்கட்டியும் போடாதீர்கள், இரண்டும் எலி காலில் ஒட்டி வாய்க்குப் போகும். மேசையின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள். கித்தா பால் பிடித்த பழைய மங்கு வீட்டில் கிடந்தால் சரியான அளவு. ஆனால் நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஏழெட்டு நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். சோதனைக்கு வருபவர்கள் கண்ணில் ஜென்டிக், அதாவது கொசுப்புழு, பட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை கம்பவுண்டு, அதாவது அபராதம். வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தால் எறும்பும் நீந்தாது, கொசுவும் நிற்காது.

பாம்பு வருமா?

வரும், எலி வாடை அடிக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும், செம்பனைத் தோட்டத்தில் நாகம் அதிகம் இருப்பதற்குக் காரணமே எலிதான். அதனால்தான் போர்ச், பின்கட்டு, அஞ்சடி (கடைவீட்டின் முன் நடைபாதை) எதிலும் கூண்டு வேண்டாம் என்கிறேன். வீட்டுக்குள்ளே, அரை இன்ச் வலைக்குள்ளே இருந்தால் பெரிய பாம்பால் நுழைய முடியாது. கதவடியில் இருக்கும் இடைவெளியை ரப்பர் வைத்து அடையுங்கள், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு வலை போடுங்கள். பூனை கம்பிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே எலிக்கு உயிர் போய்வரும், ஆகவே கூண்டு அறைக்குப் பூனை வரக் கூடாது.

உள்ளே என்னவெல்லாம் வைப்பது?

ஒளிய ஓர் இடம் கட்டாயம், இரண்டு எலி இருந்தால் இரண்டு இடம். ஓட்டை போட்ட தேங்காய்க் கொட்டாங்கச்சி குட்டிகளுக்கு, பெரியவர்களுக்கு அட்டைப் பெட்டி, கவிழ்த்த மண்சட்டியில் ஒரு பக்கம் உடைத்து ஓரத்தைத் தேய்த்தது. மண்சட்டி வெயிலுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்புறம் தூளி. கைலித் துணியைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் கொக்கி போட்டுக் கம்பியில் தொங்கவிட்டால், கூண்டில் எவ்வளவு விலையுயர்ந்த சாமான் இருந்தாலும் எலி அதில்தான் போய்ப் படுக்கும். காற்று கீழேயும் ஓடும் என்பதால் நம் சூட்டுக்கு அது நல்ல படுக்கை. நூல் பிரிந்தால் விரலைச் சுற்றி இறுக்கும், பிரிந்த தூளியை மாற்றிவிடுங்கள்.

முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும், கடிக்க ஏதாவது வேண்டும். கொய்யாக் கிளை நல்லது, ஆனால் மருந்து அடிக்கும் தோட்டத்து ஓரத்திலிருந்து ஒடிக்காமல் வீட்டு மரத்திலிருந்து ஒடித்து, கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அரளி பக்கமே போகாதீர்கள், விஷம். ஓடுசக்கரம் வாங்கினால் 30 செ.மீ. விட்டத்துக்குக் குறையாமல், மூடிய தளமாக இருக்கட்டும். சின்னச் சக்கரத்தில் முதுகு வளையும், கம்பிச் சக்கரத்தில் வால் மாட்டும்.

சாப்பாடு, தண்ணீர்?

இது தனிக் கதை, இங்கே கூண்டுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தண்ணீர்ப் போத்தல் இரண்டு வையுங்கள், ஒன்றின் உருண்டை சிக்கிக்கொண்டால் மத்தியான வெயிலில் எலி தண்ணீரில்லாமல் கிடக்கும், தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். வெயில் படும் போத்தல் பாசி பிடிக்கும். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே தின்றது தின்றதுதான், வீட்டு மிச்சம் என்று ரொட்டி சானாய், உப்பு நெத்திலி, காரக் குழம்பு எதையும் போடாதீர்கள். கட்டியாக விற்கும் எலித்தீனி முக்கியம், அதோடு கொஞ்சம் சோறு, கங்கோங் கீரை, சோயாவில் செய்த தெம்பே. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் ஆகாது, அதிலுள்ள லிமோனீன் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நனைந்த உணவு இந்தச் சூட்டில் சில மணி நேரத்தில் கெடும். ராத்திரி போட்டதைக் காலையில் எடுத்துவிடுங்கள், தூளிக்கு அடியிலும் பெட்டிக்குள்ளும் தேடுங்கள், பதுக்கி வைப்பதில் கில்லாடிகள்.

வீடு நாறுமே?

கழுவாவிட்டால் நாறும். கழிப்பிடத் தட்டைத் தினமும், காகிதத்தை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, கூண்டு முழுவதையும் வாரம் ஒருமுறை. ஒரே நாளில் எல்லாத் துணியையும் மாற்றினால் எலிக்குத் தன் வாசனையே இல்லாத புது வீடாகிவிடும், பதறிப்போய் எல்லா இடத்திலும் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டு மறுபடி அடையாளம் போடும், முன்பைவிட அதிகம் நாறும். ஒரு தூளியை மட்டும் பழையதாக விட்டு வையுங்கள். கழுவச் சோப்புத் தண்ணீரும், தண்ணீர் கலந்த வினிகரும் போதும். குளோராக்ஸ் போட்டால் மூத்திரத்தோடு சேர்ந்து நெடி கிளம்பும், அதை விட்டுவிடுங்கள். கழுவியதைச் சாயங்கால மழை வருவதற்குள் வெயிலில் காயவைத்து எடுங்கள்.

கண்ணிலும் மூக்கிலும் ரத்தம் மாதிரி சிவப்பாக இருக்கிறது!

பெரும்பாலும் ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற சிவப்பு நீர். தூங்கி எழும்போது கொஞ்சம் இருந்தால் கவலையில்லை. தொடர்ந்து வந்தால் எலிக்கு ஏதோ சரியில்லை என்று பொருள், முதலில் கூண்டைச் சந்தேகியுங்கள், குனிந்து தரையருகே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், உங்களுக்கே கண் எரிந்தால் காரணம் அதுதான். தும்மலோடு கடகடவென்று மூச்சுச் சத்தமும் கேட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், அது தானாகப் போகாது.

அம்மா எலிக்காய்ச்சல் வரும் என்று பயப்படுகிறார்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. கென்சிங் தீக்குஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த லெப்டோஸ்பைரோசிஸ், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுவது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த எலிக்கு அது வரும் முக்கிய வழி காட்டு எலி, அல்லது காட்டு எலி ஓடிய தீனி மூட்டை. ஆகவே தீனியை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள், கூண்டை இரவில் வெளியே விடாதீர்கள், கூண்டு கழுவும்போது கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், சமையல் தொட்டியில் கூண்டுத் தட்டைக் கழுவாதீர்கள். பிள்ளைகள் எலியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. எலி கடித்தோ பிராண்டியோ சில நாளில் காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் "வீட்டில் எலி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

வீட்டில் காட்டு எலியும் வருகிறது. மருந்து வைக்கலாமா?

வளர்ப்பு எலி இருக்கும் வீட்டில் மருந்தும் வேண்டாம், ஒட்டுப் பலகையும் வேண்டாம். உங்கள் எலி ஒருநாள் தப்பி ஓடும், அன்றைக்கு நேராக அதில்தான் போய் நிற்கும். ஒட்டுப் பலகையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தடவி மெதுவாக விடுவியுங்கள். பிளக்கில் சொருகி எலியை விரட்டும் ஒலிக்கருவியையும் கழற்றிவிடுங்கள், நம் காதுக்கு எட்டாத அந்தச் சத்தம் கூண்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும், அவர்களுக்கு ஓடவும் இடமில்லை. வந்து போகும் ஓட்டைகளை இரும்புப் பஞ்சும் சிமெண்டும் வைத்து அடைத்து, குப்பையை இரவே வெளியே கட்டிவைத்து, கூண்டுப் பொறி வைத்துப் பிடியுங்கள்.

தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறோம், நிறையச் சோறு போட்டு விட்டுவிட்டுப் போகலாமா?

சோறு பிரச்சினையே இல்லை, பூட்டிய வீடுதான் பிரச்சினை. எல்லா சன்னலையும் சாத்திவிட்டுப் போனால் மத்தியானம் உள்ளே என்ன சூடு ஏறும் என்று யோசியுங்கள். தினமும் ஒருமுறை வந்து, போத்தலைத் தட்டிப் பார்த்து, ஐஸ் போத்தலை மாற்றி, கழிப்பிடத் தட்டைக் கொட்டுகிற பக்கத்து வீட்டுத் தம்பி யாராவது இருந்தால் விட்டுப் போகலாம். இல்லையென்றால் காடியில் (காரில்) கூடவே கொண்டுபோங்கள், சின்னக் கூண்டில், இரண்டையும் ஒன்றாக, ஏர்கோன் நேரே அடிக்காத பின் இருக்கையில். வழியில் சாப்பிட இறங்கினால் ஒருவர் காடியிலேயே இருக்க வேண்டும், பத்து நிமிடம்தானே என்று பூட்டிவிட்டுப் போகாதீர்கள். போய்ச் சேர்ந்த வீட்டில் வெடி போடும் முற்றத்திலிருந்து தள்ளி, உள் அறையில் வைத்து, ஃபேன் சத்தம் கேட்கும்படி விட்டால் வெடிச் சத்தம் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்த வீட்டுக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.